விரல் நீக்கம்

மூன்றாவது முறையாகக் கதவுப் பூட்டில் விரலை வைத்தார் ராஜதுரை. மறுபடியும் சிவப்பு விளக்கு எரிந்தது. சங்கரன்கோவிலில் அம்மாவின் வீட்டுக்கு அந்த ஸ்மார்ட் பூட்டை வாங்கி மாட்டியவரே அவர்தான்.

கோபத்தோடு, சிவகிரியில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டார்.

"ஏட்டி ஹெலன், பூட்டுல இருந்து என் விரல் பதிவ எடுத்தது நீதான?"

"என்னண்ணே பேசுதிய? நேத்து எனக்கும்தான் திறக்கல. நீங்கதான் என்னைய எடுத்துட்டியன்னு அழுதுக்கிட்டே திரும்பி வந்தேன்."

அப்படியென்றால் அம்மாதான். ஒரு வாரமாகப் பாளையங்கோட்டையில் சித்தி வீட்டில் இருக்கும் அம்மாவை அழைத்தார்.

"ஆமாலே, நான்தான் ரெண்டு பேரையும் எடுத்தேன். போன்லயே எடுக்கலாம்னு தங்கச்சி மவ சொல்லிக் குடுத்தா."

"பெத்த பிள்ளையள நம்பலையாம்மா?" ராஜதுரையின் குரல் உடைந்தது. "ஒங்க பாதுகாப்புக்குத்தானம்மா இத மாட்டினேன். இப்ப அன்னியன் மாதிரி வாசல்ல நிக்கேன்."



"கதவ யாரு திறந்தாலும் எனக்குப் போன்ல வருதுலே. திங்கக்கிழமை நீ திறந்த. பிள்ள செடிக்குத் தண்ணி ஊத்த வந்திருக்கான்னு சந்தோசப்பட்டேன். நீயும் ஹெலனும் ரூம் ரூமா டேப் வச்சு அளந்தியன்னு எதுத்த வீட்டுக்காரி சொல்லித்தான் தெரியும். நான் இன்னும் இருக்கேன்லா, மக்கா?"

அம்மா போனை வைத்துவிட்டாள்.

ராஜதுரை திரும்பாமலே நின்றார். பின்னால் காத்திருந்த புரோக்கர் தயங்கியபடி கேட்டார்.

"அண்ணாச்சி, வீடு பாக்க வந்தவிய ரெம்ப நேரமா கார்ல இருக்காவ. அம்மா கையெழுத்துப் போடச் சம்மதிச்சாச்சுன்னுதான சொன்னிய?"