அகராதிக்குள் குடியிருந்தவர்

ஒரு நூலகத்தின் தடித்த ஆங்கில அகராதிக்குள் ராமபாணப் பூச்சி ஒன்று குடியிருந்தது. தாளை அரித்து அரித்தே ஒவ்வொரு சொல்லின் பூர்வீகத்தையும் கரைத்துக் குடித்திருந்தது.

ஒருநாள் நூலகர் அகராதியைப் புரட்டிவிட்டு, "எல்லாம் எலி வேலை!" என்று கத்தினார். அகராதிக்குப் பக்கத்தில் வடைத் துண்டோடு வைத்த பொறியில் மாலைக்குள் ஒரு சுண்டெலி மாட்டிக்கொண்டது. அதை அமுக்கிக் கொல்ல, அவர் வாளியில் தண்ணீர் பிடிக்கப் போனார்.

"அண்ணே, நான் இந்தப் புத்தகத்தைத் தொட்டதுகூட இல்லையே! என்னை ஏன் பிடிச்சாங்க?" என்று சுண்டெலி ராமபாணத்திடம் அழுதது.

உண்மை ராமபாணத்தின் தொண்டைவரை வந்தது. அதை விழுங்கிவிட்டுத் தன் படிப்பைக் காட்டியது.

"இங்கிலீஷ்ல 'ஸ்கேப்கோட்'னு ஒரு சொல் இருக்கு தம்பி, அடுத்தவன் பழியைச் சுமக்கிற பலியாடுன்னு அர்த்தம். அந்தக் காலத்துல சில பேர் தங்களோட பாவத்தையெல்லாம் ஒரு ஆட்டுத் தலையில ஏத்தி, பாலைவனத்துக்கு விரட்டிடுவாங்களாம். அதுலேர்ந்து வந்த சொல்."

"உயிரோடவா விரட்டினாங்க?"

"ஆமா."

"கொடுத்து வச்ச ஆடு" என்றது சுண்டெலி.

பழக்கதோஷத்தில் ராமபாணம் தாளின் ஓரத்தை ஒரு வாய் கடித்துக்கொண்டது. வாசலில் வாளியை இறக்கும் சத்தம் கேட்டது.

"சீக்கிரம் சொல்லுங்கண்ணே. பாவத்தைச் செஞ்சுட்டு, ஆடு போறதைச் சும்மா பார்த்துக்கிட்டு நின்னானே, அவனுக்கு இங்கிலீஷ்ல என்ன பேரு?"

ராமபாணத்துக்குப் பதில் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் உள்ளே இருக்கும் தாள் தெரிந்துவிடும்.