டீசல் மாப்பிள்ளை

பெண் பார்க்க, தாய்மாமன் என்று ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்திறங்கிய சேதுராமனுக்கு, அந்த மிளகாய்த் தோட்டத்து வீட்டைப் பார்த்ததுமே இளக்காரம்.

“டீசல் அம்பாசிடர், நம்ம சொந்த வண்டி,” என்றான், பெண்ணின் தகப்பன் சோணைமுத்துவிடம். “வயக்காட்டு ஆளுக்குச் சொன்னா விளங்காது. பெட்ரோல் எஞ்சின் சும்மா கிடந்தாலும் ஓடும். டீசலைக் கண்ணும் கருத்துமாப் பாக்கணும். வாராவாரம் கார்புரேட்டரை நானே கழட்டித் துடைச்சிருவேன்.”

காப்பி கொண்டுவந்த நாகலெட்சுமி நின்றுவிட்டாள்.

“எங்க பம்புசெட்டும் டீசல்தான். தினமும் நான்தான் ஓட்டுறேன். பெட்ரோல் எஞ்சினுக்குத்தான் கார்புரேட்டர். டீசல்ல அது எங்கன இருக்கு?”

சேதுராமன் திருதிருவென்று தாய்மாமனைப் பார்த்தான்.

அவர் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார். “எஞ்சினைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காதீகன்னு வர்ற வழியிலயே சொன்னேனே சார். கிளம்புங்க, என் வண்டிக்குப் பாம்பன் சவாரி இருக்கு, நேரமாச்சு.”