வேறு பம்ப் வரும்வரை

மருந்து பம்ப் மறுபடியும் அணைந்து எழுந்தது. மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி. தரவு பழுது, நிறுத்தப்படுகிறது என்று ஆங்கிலத்தில் சொன்னது. பக்கத்தில் ஓர் எண்.

கட்டிலில் தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். காலையில் சிறுநீரகத்தில் அறுவை. மயக்கம் முழுதாகத் தெளிந்துவிட்டது. வலி மருந்து இன்னும் ஏறவில்லை.

அந்த மருந்தை அளந்து சொட்டுச் சொட்டாக ஏற்றுவதுதான் பம்பின் வேலை. கையால் ஊசி போட வேண்டுமென்றால் டாக்டர் எழுதித் தர வேண்டும். டாக்டர் அடுத்த ஆளின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறார் என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த அறைக்கு ஓடினாள்.

கருவிப் பிரிவிலிருந்து வந்த டெக்னீஷியன் ஒரு சின்ன கீபோர்டைச் செருகினார். பம்பின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். தலையைச் சொறிந்தார்.

"எதுக்கு நிக்குதுன்னே தெரியல மேடம்."

எனக்குத் தெரியும். அந்த வரியை எழுதியதே நான்தான்.

என் வேலையை வெளியே சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. அம்மா அக்கம்பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று சொல்லி வைத்திருக்கிறாள். ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள் எல்லாவற்றையும் இயக்கும் கர்னல் என்று ஒன்று உண்டு. அதில் ஒரு மூலை என் பொறுப்பு. கோப்புகளைச் சுருக்கிச் சின்ன இடத்தில் அடைத்து வைத்து, கேட்கும்போது கேட்ட துண்டை மட்டும் விரித்துக் கொடுக்கும் பகுதி. பயணப் பெட்டியில் துணியை அமுக்கி வைப்பது மாதிரிதான்.

அது போனில் இருக்கிறது, டிவியில் இருக்கிறது. மருந்து பம்பிலும் இருக்கும் என்று சத்தியமாக நான் நினைத்துப் பார்த்ததில்லை.

விரிக்கும்போது ஒரு துண்டு பழுதாக இருந்தால் என்ன செய்வது? இதில்தான் பெரிய சண்டை.

நின்றுவிட வேண்டும் என்றேன் நான். அந்த மூலையைப் பார்த்துக்கொள்ள என்னோடு இன்னொரு ஆள் உண்டு. நான் வைத்த பெயர் எதிர்க்கட்சி. உங்கள் கொள்கைக்காக யார் வீட்டு டிவியும் சாகக் கூடாது என்று எதிர்க்கட்சி எழுதியது. பொய் சொல்லும் டிவியைவிடச் செத்த டிவி எவ்வளவோ மேல் என்று நான் எழுதினேன். உலகமே பார்க்கும் மின்னஞ்சல் குழுவில் ஒருவரையொருவர் வாரிக்கொண்டோம்.

கடைசியில் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தோம். பழுது இருந்தால் இயந்திரம் நிற்கும். ஆனால் எழும்போது ஒரு சொல்லைத் தட்டினால், எதையும் சரிபார்க்காமல் தாண்டிப் போய்விடும்.

தம்பி முனகினான். சின்ன வயதில் கை முறிந்தபோதுகூட வாயைத் திறக்காதவன். தலையணை வேர்வையில் நனைந்திருந்தது. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

"இந்தச் சோதனையைத் தாண்டிப் போக ஒரு வழி இருந்தா நல்லாயிருக்கும்," என்றார் டெக்னீஷியன், பம்பைப் பார்த்துக்கொண்டே.

திரையில் இருந்த எண், பழுது எந்த இடத்தில் என்று சொன்னது. அந்த இடத்தில் என்ன இருந்தது என்று சொல்லவில்லை. திரை எழுத்துகளாக இருக்கலாம். பீப் சத்தமாக இருக்கலாம். மருந்து அளவுப் பட்டியலாகவும் இருக்கலாம். அதில் ஒரு புள்ளி இடம் மாறினால் ஆளின் மூச்சே நின்றுவிடும்.

இதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதி வாதாடியவள் நான். அந்த நிமிஷத்தில் ஒன்றுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. பீப் சத்தமாகத்தான் இருக்கும் என்று மனசு அடித்துச் சொன்னது. அவன் வலி அடங்கினால் போதும் என்றிருந்தது.

"ஒரு வழி இருக்கு," என்றேன். "ஸ்டார்ட் ஆகும்போது..."

தம்பியின் கை கம்பியை விட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தது.

"அக்கா, சொல்லாத."

டெக்னீஷியன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வேறு பம்ப் கொண்டுவரும்படி தம்பி அவரிடம் கேட்டுக்கொண்டான். மேல்மாடியில் ஒன்று இருந்தாலும் இருக்கும், ஆனால் நேரமாகும் என்று சொல்லிவிட்டு அவர் கீபோர்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்.

கதவு சாத்தும்வரை பொறுத்திருந்தேன்.

"அது நீ கொண்டு வந்த வழிதானேடா," என்றேன். "அதுக்காக எத்தனை நாள் என் உயிரை வாங்கின? உனக்கே தேவைப்படறப்ப வேண்டாங்கற."

எதிர்க்கட்சி கண்ணை மூடிக்கொண்டு, வலி ஒரு சுற்றுச் சுற்றி இறங்கும்வரை காத்திருந்தது.

"எனக்கு மட்டும்னா நானே தட்டியிருப்பேங்கா," என்றான். "அவருக்குச் சொல்லிக் கொடுத்துட்டா, நாளையிலேர்ந்து நின்னுபோற ஒவ்வொரு பம்புக்கும் அதையே தட்டுவாரு."