பிரிக்காத பொட்டலம்

மைனாவின் முட்டைகளைத் தின்றுவிட்டதாகக் கீரியின் மேல் வழக்கு. காவல்கார நாய் ஒரு தேக்கிலைப் பொட்டலத்தை நீதிபதி ஆமையின் முன்னால் வைத்தது.

"கீரியின் வளையில் கிடைத்தது, அம்மா. பிரித்தால் உண்மை தெரிந்துவிடும்."

ஆமைக்கு ஆவல் தாங்கவில்லை. கழுத்தை எட்டும் மட்டும் நீட்டியது.

"யாரைக் கேட்டு உள்ளே போனாய்?"

"கேட்கவில்லை, அம்மா. அவன் இல்லாத நேரம் பார்த்துத் தோண்டினேன்."

கேட்காமல் யார் வளையிலும் நுழையக்கூடாது என்பது அந்தக் காட்டின் முதல் சட்டம். அப்படி எடுத்து வந்ததை நீதிபதி பார்க்கவும் கூடாது.

"வேறு சாட்சி உண்டா?"

இல்லை. கீரி விடுதலையானது.

"ஒரே ஒரு தடவை பாருங்களேன், அம்மா!" என்று மைனா அழுதது.

"எனக்கும் பார்க்கத்தான் ஆசை" என்றது ஆமை.

எல்லோரும் போனபின், காற்றில் இலை மெல்ல விலகியது. ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.