புத்தாண்டுப் பருப்பு சூப்

"நிஜமாவே லீவு கொடுத்துட்டாங்களா?" சூப்பைக் கிளறிக்கொண்டே கேட்டாள் யுட்டா.

"எங்க கொடுத்தாங்க? ஷிஃப்டை மாத்திக்கிட்டு வந்தேன். இரட்டைச் சம்பளம் போச்சு, போகட்டும். புது வருஷத்தன்னைக்கு வீட்ல இருக்கணும்னு தோணுச்சு," என்றான் அவள் கணவன் ரைனர்.

யுட்டாவுக்குச் சுருக்கென்றது. அவனுக்கு லக்சம்பர்க்கில் நர்ஸ் வேலை. வாரம் முழுக்க அங்கே அறை எடுத்துத் தங்கிவிட்டு, சனி ஞாயிறு மட்டும் எல்லை தாண்டி ஜெர்மனிக்கு வருகிறவன். ஒரு புத்தாண்டுக்கும் வராத மனிதன், இந்த வருடம் பார்த்தா வந்து நிற்க வேண்டும்?

வழக்கமாக ஒரு பாக்கெட் காபித்தூள் வாங்கி வருவான். அந்தப் பக்கம் மலிவு. இந்த முறை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து அலமாரியில் அடுக்கினான்.

"இவ்வளவு எதுக்கு?"

"உனக்குக் காபி இல்லாம ஓடாதே."

அந்த அக்கறைதான் அவளை வதைத்தது. கட்டிலுக்கடியில் அவள் சூட்கேஸ் தயாராக இருந்தது.

புத்தாண்டன்று பருப்பு சாப்பிட்டால் வருடம் பூராவும் கையில் காசு நிற்குமாம். ரைனர் ரசித்துச் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் வேண்டுமென்று கிண்ணத்தை நீட்டினான். அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

"ரைனர், நாளைக்கு நான் அக்கா வீட்டுக்குப் போறேன். திரும்பி வர மாட்டேன்."

அவன் கை அப்படியே நின்றது.

"நவம்பர்லயே போயிருப்பேன். நம்ம ஆடிட்டர்தான், பிரியறதுன்னா ஜனவரி ஒண்ணு தாண்டட்டும்னார். அந்த ஒரு நாள் மட்டும் புருஷன் பொண்டாட்டியா ஒண்ணா இருந்துட்டா, அந்த வருஷம் முழுக்க தம்பதிக்கான குறைஞ்ச வரிதானாம். ரெண்டு பேருக்கும் ரொம்ப மிச்சமாம்." அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நீ என்னடான்னா சம்பளத்தைக்கூடப் பார்க்காம என்னைத் தேடி வந்திருக்கே. நான் காசுக்காக உனக்கு சூப் வச்சுக் கொடுத்துட்டிருக்கேன். எனக்கே அசிங்கமா இருக்கு."

ரைனர் கிண்ணத்தை மெல்லக் கீழே வைத்தான். அடுக்கி வைத்த காபி பாக்கெட்டுகளைப் பார்த்தான். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"என்கிட்டயும் ஆடிட்டர் அதையேதான் சொன்னார்."