ஆம்பிளைகளிடம் கேட்கிற கேள்வி

“திடீர்னு இவ்வளவு தூக்கம் ஏன்?” என்று டாக்டர் ராஜலக்ஷ்மி கேட்டது ஹபீபாவிடம். பதில் சொன்னது அவள் கணவர் காலித்.

“ஒரு மாசமா இப்படித்தான் டாக்டர். உக்காந்த எடத்துலயே தூங்கிருதா. முந்தாநேத்து பேரப்பிள்ளை மடியில இருந்து நழுவிட்டான். நல்லவேளை, கீழ மெத்தை கெடந்துச்சி.”

அன்றிலிருந்து மகள் சஃப்ரீன் பிள்ளையை அவள் கையில் கொடுப்பதில்லை. கேட்டால், “வேண்டாம்மா, தூங்கிருவீங்க” என்கிறாள்.

வெள்ளிக்கிழமையோடு பிள்ளை பெற்ற நாற்பது நாள் கழிகிறது. மகள் பிள்ளையோடு மாமியார் வீட்டுக்குப் போய்விடுவாள். அதற்குள் ஒரு தடவையாவது அவனைத் தூக்கிவிட வேண்டும்.

ஹபீபாவின் மனநோய்க்குப் பைபோலார் என்று இதே மாட்டுங்கா டாக்டர் பெயர் சொல்லிப் பன்னிரண்டு வருடம். அதற்கு முன்பெல்லாம் நாலு நாள் தூங்காமல், தாராவியில் காலித்தின் தோல்பைப் பட்டறையில் மிஷினை விட்டு எழாமல் தைப்பாள். பிறகு மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். இரண்டுக்கும் நடுவே அவளை நிறுத்தி வைத்தது மாத்திரை.

மாத்திரை மட்டுமா?

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னலோரம் ஒரு சிகரெட். அது உள்ளே போனால்தான் தலைக்குள் இரைச்சல் அடங்கும். யாருக்குத் தெரியும்? ஒருத்தருக்கும் தெரியாது.

பேரன் வீட்டுக்கு வந்த அன்று விட்டுவிட்டாள். புகை வாடை அடிக்கிற விரலால் அவனைத் தொடுவதா?

டாக்டர் பேனாவை எடுத்தார்.

“மனசு மறுபடி கீழ எறங்கறதோ என்னவோ. இன்னொரு மாத்திரை சேர்க்கறேன். ஆம்பிளைகளா இருந்தா, சிகரெட்டை விட்டேளான்னு கேட்பேன். விட்டா, அதே மாத்திரை ஒடம்புல ஜாஸ்தியா ஏறி ஆளைச் சாய்ச்சிடும்.”

ஹபீபா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். காலித் பக்கம் திரும்பவில்லை. வெற்றிலைகூடப் போடாத மனிதர்.

“நான் குடிச்சேன் டாக்டர்.”

“என்னது?”

“சிகரெட்டு. பேரன் வந்த அன்னைக்கு விட்டுட்டேன்.”

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

“ஒரு நாளைக்கு எத்தனை?”

“நாலு.”

காலித் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எட்டு, டாக்டர்” என்றார். “நோம்பு மாசத்துலதான் நாலு.”