ஜேசுதாஸுக்காக ஒரு பாட்டு

வெள்ளைக்காரம்மா பாடத் தொடங்கும் முன்பே தனலட்சுமிக்குக் கண்கள் சொருகின.

விடிந்ததிலிருந்து லாட்ஜில் படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் பிழிந்த கைகள் மடியில் மரத்துக் கிடந்தன. மலையில் சீசன் நேரம். ஓர் அறை காலியாவதற்குள் அடுத்த ஆள் வந்து நிற்கிறார்.

சர்ச் சிறியது. வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் கட்டடம். எஸ்டேட் முதலாளிகளும் கான்வென்ட் டீச்சர்களும் சால்வை போர்த்திக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கடைசி பெஞ்சில், கதவோரம். மூடுபனி உள்ளே வந்துகொண்டிருந்தது.

ஆப்பரா என்பது பாட்டாகவே பாடி நடிக்கும் நாடகம் என்று ஃபாதர் விளக்கினார். இத்தாலியிலிருந்து வந்திருக்கும் அம்மையார் அதிலிருந்து சில பாட்டுகள் பாடுவார். முதல் பாட்டு, இந்த சர்ச்சில் பல வருடம் ஆர்மோனியம் வாசித்து, போன மாதம் இறந்துபோன, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஜேசுதாஸுக்காக.

எல்லோரும் முன்வரிசையில் வெள்ளைச் சேலையில் இருந்த அவர் மனைவி அருளாயியைப் பார்த்தார்கள். அவருக்காக ஒரு பாட்டு உண்டென்று கேள்விப்பட்டுத்தான் தனலட்சுமி வந்திருந்தாள்.

அவர் இறந்த சேதி வந்தபோது தனலட்சுமி ஓர் அறையில் தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தாள். மாற்றி முடித்துவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். சவ ஊர்வலம் லாட்ஜைத் தாண்டியபோது மொட்டை மாடியில் ஈரத் துணிகளுக்குப் பின்னால் நின்றாள். அப்போதும் அழவில்லை. ஊருக்குத் தெரியாமல் அவரோடு பழகியவள், ஏன் அழுகிறாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது?

பாட்டு எழுந்தது. ஒரு வார்த்தையும் புரியவில்லை. குரல் மேலே மேலே போய், அந்தச் சின்னக் கட்டடத்துக்குள் அடங்காமல் முட்டியது.

இவ்வளவு சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது? முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தனலட்சுமி அழுதாள்.

பாட்டு சட்டென்று நின்றது. அவளால் நிறுத்த முடியவில்லை.

தலைகள் திரும்பின.

"யாரும்மா நீ?" என்றார் முன் பெஞ்சிலிருந்த டீச்சர்.

அருளாயி எழுந்து நடந்து வந்தாள். ஓடிவிட நினைத்தாள் தனலட்சுமி. அதற்குள் அருளாயி கடைசி பெஞ்சுக்கு வந்துவிட்டாள்.

"எங்க ஊட்டுப் பொண்ணுங்க" என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு, அருளாயி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பல நாள் தூங்காத முகம். கண்கள் காய்ந்திருந்தன.

அடுத்த பாட்டு ஆரம்பித்ததும் தனலட்சுமியின் காதருகே குனிந்தாள்.

"எனக்கு எப்பவோ தெரியும் கண்ணு. நீயாச்சும் அழுவு. எனக்கு ஒரு சொட்டு வரமாட்டேங்குது."